சமையலறை ஜன்னலின் கைப்பிடி இறுகிவிட்டது: ட்ரே-கிப் ஜன்னலின் உலோகப் பாகங்களை எப்படிச் சுத்தம் செய்வது?

நெக்கர்க்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

நாங்கள் ஸ்டுட்கார்ட்டில் மூன்றாவது மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். வீட்டு ஜன்னல்கள் எல்லாம் இந்த நாட்டில் வழக்கமான ட்ரே-கிப் வகை. கைப்பிடி கீழ்நோக்கி இருந்தால் பூட்டியிருக்கும். படுக்கைவசமாகத் திருப்பினால் கதவைப் போல உள்பக்கம் திறக்கும். மேல்நோக்கித் திருப்பினால் தலைப்பகுதி மட்டும் உள்ளே சாய்ந்து நிற்கும். மற்ற அறைகளில் குறை ஒன்றும் இல்லை. சமையலறை ஜன்னல்தான் பத்து மாதங்களாகத் தொல்லை கொடுக்கிறது. பூட்டுவதற்குக் கைப்பிடியை இறக்கினால் பாதியில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் இரண்டு கைகளாலும் அழுத்த வேண்டியிருக்கிறது. மூடும்போது கைப்பிடிப் பக்கத்துக் கீழ்மூலை நிலையில் உரசி, வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறக் கீறல் விழுந்திருக்கிறது.

அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஜன்னல் என்பதால், கதவின் விளிம்பில் ஓடும் உலோகப் பட்டை முழுவதும் தாளிப்புப் புகையும் தூசியும் சேர்ந்து பழுப்பு நிறப் பிசுக்காகப் படிந்திருக்கிறது. சென்ற செப்டம்பரில் ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, நம் வீட்டுக் கதவுக் கீல்களுக்கு விடுவதைப் போல அதன் மேலேயே தேங்காய் எண்ணெயை விட்டார்கள். இரண்டு வாரம் கைப்பிடி இலகுவாகத் திரும்பியது. நவம்பரில் குளிர் தொடங்கியதும் முன்னைவிட மோசமாகிவிட்டது.

இதை எதனால் சுத்தம் செய்ய வேண்டும், என்ன எண்ணெய் விட வேண்டும், உரசலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா, வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டிய வேலையா, நாமே செய்யலாமா என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

வன்னிமண் எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நான் ஜேர்மனியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக யன்னல் பொருத்தும் வேலை செய்கிறேன். உங்கள் யன்னலில் இரண்டு வெவ்வேறு குறைகள் இருக்கின்றன. கைபிடி இறுகுவதற்கு அழுக்குத்தான் காரணமாக இருக்க வேண்டும். கீழ்மூலை உரசுவது, கதவு சற்றுத் தொங்கிவிட்டதால் வருவது. முதலாவதை முடித்த பிறகே இரண்டாவதைத் தொடுங்கள்.

அம்மா செய்ததில் தவறு என்று சொல்லமாட்டேன். ஊரிலே தேங்காய் எண்ணெய் எந்நாளும் உருகியே இருக்கும். ஆனால் அது 24 பாகை அளவிலேயே உறையத் தொடங்கும் எண்ணெய். இங்கே மாரிகாலத்தில் யன்னல் விளிம்பு கிட்டத்தட்ட வெளிக்குளிரிலேயே நிற்கிறது. பழைய பிசுக்கோடு கலந்து உறைந்த எண்ணெயைத்தான் நீங்கள் இரண்டு கைகளாலும் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். சமையல் எண்ணெய் எதுவாக இருந்தாலும் காலப்போக்கில் தடித்துப் பசையாகிவிடும், ஆகவே நல்லெண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ இதற்குத் தீர்வல்ல.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் எங்கே துடைப்பது என்பது தானாக விளங்கும். கைபிடியைத் திருப்பும்போது, கதவின் நான்கு விளிம்புகளையும் சுற்றி ஓடும் உலோகப் பட்டைகள் ஒரே நேரத்தில் நகர்கின்றன. மூலைகளில் வளையக்கூடிய மெல்லிய எஃகு இதழ்கள் அந்த அசைவை அடுத்த பக்கத்துக்குத் திருப்பிவிடுகின்றன. பட்டையில் ஆங்காங்கே காளான் தலை போன்ற சிறு குமிழ்கள் நிற்கும். அவை நிலையில் உள்ள பூட்டுத்தகடுகளுக்குள் நுழையும்போதுதான் கதவு இறுகுகிறது. மேலே, பிணைச்சல் பக்கத்தில் (நீங்கள் கீல் என்று எழுதியதைத்தான் சொல்கிறேன்), கத்தரிக்கோல் போல விரியும் ஒரு கை உண்டு, அதைக் கத்தரிக்கை என்று சொல்கிறேன்; சாய்த்து வைக்கும்போது தலைப்பக்கத்தைப் பிடித்திருப்பது அதுதான். இத்தகைய பொருத்துகளைத் தொழிற்சாலை உற்பத்திக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி, 1935இல் ரோட்டோ நிறுவனத்தைத் தொடங்கிய வில்ஹெல்ம் பிராங்க் என்பவர். அந்த நிறுவனத்தின் தலைமையகம் இன்றும் உங்கள் ஊருக்குப் பக்கத்தில், லைன்பெல்டன்-எக்டர்டிங்கனில்தான் இருக்கிறது. உங்கள் யன்னலில் எந்த நிறுவனத்தின் பொருத்து இருக்கிறது என்பது பட்டையிலேயே பொறித்திருக்கும்: ரோட்டோ, சீகேனியா, வின்க்ஹவுஸ், மாக்கோ என்று ஏதாவது ஒன்று. அதைக் குறித்து வையுங்கள், உதிரிப்பாகம் வாங்கும்போது தேவைப்படும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் உள்ள உலோகச் சட்டத்தில் கண்ணாடி செய்த ஆண்டு பல யன்னல்களில் அச்சிடப்பட்டிருக்கும். யன்னலின் வயது அதிலிருந்து தெரியும்.

சுத்தம் செய்யும்போது முதலில் தூசியை உலர்ந்த நிலையிலேயே தூசி உறிஞ்சும் இயந்திரத்தால் எடுத்துவிடுங்கள். ஈரத்துணியை முதலில் வைத்தால் தூசி சேறாகிப் பட்டைக்கு அடியில் போய்விடும். பிறகு இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில துளிகள் விட்டு, துணியை நன்றாகப் பிழிந்து, பிசுக்கைத் துடையுங்கள். குமிழ்களைச் சுற்றியும் பூட்டுத்தகடுகளின் உட்குழியிலும் பழைய பல் தூரிகையோ காது துடைக்கும் பஞ்சுக்குச்சியோ போதும். வினாகிரி, சுண்ணாம்புப் படிவை நீக்கும் அமிலத் திரவம், குளோரின் கலந்தவை ஆகியவற்றைக் கிட்டவும் கொண்டுவராதீர்கள். பொருத்துகளின் மேல் உள்ள துத்தநாகப் பூச்சை அவை அரித்துவிடும், அதன் பிறகு துருவை யாராலும் நிறுத்த முடியாது. உரசித் தேய்க்கும் பொடிகளும் அசிட்டோனும் பிளாஸ்ரிக் சட்டத்தைக் கெடுத்துவிடும். நிலையின் அடிப்பக்கப் பள்ளத்தில் நீர் வெளியேறுவதற்கு நீண்ட சிறு துளைகள் இருக்கும், அவற்றை மறந்துவிடாதீர்கள். அவை அடைத்தால் மழைநீர் உள்ளேயே தேங்கி நிற்கும்.

நன்றாக உலர்ந்த பிறகுதான் கிறீஸ். அமிலமும் பிசினும் இல்லாத கிறீஸ் அல்லது எண்ணெய் என்று கேட்டு வாங்குங்கள். துரு இளக்கும் ஸ்பிரே பலர் வீட்டில் இருக்கும். அழுக்கைக் கரைப்பதற்கு அது உதவும், ஆனால் அதன் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும், மசகாக நிலைத்து நிற்காது. பட்டையில் உள்ள நீள்துளைகள் ஒவ்வொன்றிலும் ஒரு துளி எண்ணெய், கத்தரிக்கையின் மூட்டுகளில் ஒரு துளி, பூட்டுத்தகடுகளின் உட்பக்கத்தில் பட்டாணி அளவு கிறீஸ். பிறகு கைபிடியை மூன்று நிலைகளுக்கும் பலமுறை திருப்பி, வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். மிஞ்சி நிற்கும் எண்ணெய் தாளிப்புப் புகையைப் பிடித்து வைக்கும். றப்பர் பட்டியில் எண்ணெய் படக்கூடாது. பெரும்பாலான யன்னல்களில் இருப்பது ஈபிடிஎம் வகை றப்பர், கனிம எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். அதற்கு கிளிசரினோ சிலிக்கோனோ தடவினால் மாரியில் நிலையோடு ஒட்டாது.

இனி உரசல். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால், மேல்விளிம்பில் பிணைச்சலுக்குப் பக்கத்தில் கத்தரிக்கையில் ஓர் அறுகோணத் துளை தெரியும். 4 மில்லிமீற்றர் ஆலன் சாவியால் அதைத் திருப்பும்போது கதவின் தலை பிணைச்சல் பக்கமாக இழுபட்டு, கைபிடிப் பக்கத்துக் கீழ்மூலை உயரும். ஒரு தடவைக்கு அரைச் சுற்றுக்கு மேல் வேண்டாம். மூடிப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். ஒரு கவனம்: பல யன்னல்களில் நிலையின் கீழே ஒரு சிறிய பிளாஸ்ரிக் ஏறுகட்டை வைத்திருப்பார்கள், மூடும்போது கதவு அதில் ஏறித்தான் உட்கார வேண்டும். அந்தத் தொடுகையைக் குறை என்று நினைத்து மேலும் மேலும் உயர்த்தினால் மேற்பக்கம் இடிக்கும். திருத்திய சில வாரங்களில் மறுபடியும் தொங்கினால், கண்ணாடிக்கு அடியில் பாரத்தைத் தாங்கும் கட்டைகள் நகர்ந்திருக்கலாம்; அதை வேலை தெரிந்தவர்தான் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மேற்பிணைச்சலின் ஊசியைப் பாருங்கள். அது முழுவதும் உள்ளே ஏறியிருக்க வேண்டும். கீழே இறங்கி நீட்டிக்கொண்டிருந்தால் யன்னலைத் திறக்கவே வேண்டாம், மூடி வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கண்ணாடி ஒரு சதுர மீற்றருக்கு, ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கு இரண்டரை கிலோ நிற்கும். நான்கு மில்லிமீற்றர்க் கண்ணாடி மூன்று அடுக்கென்றால் ஒரு சதுர மீற்றரே 30 கிலோ, சட்டத்தின் பாரம் வேறு. அந்த ஊசியைக் கழற்றிக் கதவை இறக்கித் துடைக்கலாம் என்று யாராவது காணொளியில் காட்டினால் தயவுசெய்து பின்பற்றாதீர்கள்.

கொலோன்வாசி எழுதியது:

வன்னிமண் அண்ணா பொறுமையாக விளக்கியதற்கு நன்றி. வாடகை தொடர்பான கேள்விக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

துடைப்பதும் எண்ணெய் விடுவதும் நாமே செய்யக்கூடியவை. ஆனால் உரசலும் இறுக்கமும் குறை என்ற வகையில் வருவதால், அவற்றை வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது. ஜெர்மன் குடிமையியல் சட்டத்தின் 535ஆம் பிரிவு வீட்டைப் பயன்படுத்தத் தக்க நிலையில் பராமரிக்கும் கடமையை வீட்டுக்காரர்மீது வைக்கிறது. அதே சமயம் 536சி பிரிவு, குறையைக் கண்டவுடன் தெரிவிக்கும் கடமையை நம்மீது வைக்கிறது. தெரிவிக்காமல் விட்டு, பின்னர் கதவு முறிந்தால் நம்மிடம் இழப்பீடு கேட்க இடம் உண்டு. கீறல் தெரியும்படி ஒரு படம் எடுத்து, தேதியுடன் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

உங்கள் ஒப்பந்தத்தில் சிறு பழுதுகளின் செலவை நாமே ஏற்க வேண்டும் என்ற விதி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜன்னல் பூட்டும் பாகங்கள் அந்த விதிக்குள் வருபவைதான். ஆனால் ஒரு பழுதுக்கு இவ்வளவு என்ற உச்சவரம்பு அதில் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும், செலவு அதைத் தாண்டினால் முழுத் தொகையும் வீட்டுக்காரருடையது. என் ஒப்பந்தத்தில் வரம்பு 100 யூரோ. கத்தரிக்கை ஒன்றை மாற்றியதற்கு 240 யூரோ ரசீது வந்தபோது, வீட்டை நிர்வகித்தவர்கள் அதில் 100 யூரோவை மட்டும் நீங்கள் கொடுங்கள் என்றார்கள். அப்படிப் பங்கு பிரிக்க அந்த விதி இடம் கொடுப்பதில்லை என்று வாடகைதாரர் சங்கத்தில் உறுதி செய்துகொண்டு எழுதினேன். கோரிக்கையைத் திரும்பப் பெற்றார்கள்.

இன்னொன்று: சமைக்கும்போது ஜன்னலைச் சாய்த்து வைப்பதைவிட, சமைத்து முடித்ததும் முழுவதும் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்றோட விடுவது நல்லது. சாய்ந்த ஜன்னலின் குறுகிய இடுக்கு வழியாகப் புகை முழுவதும் வெளியேறும்போது, பிசுக்கு அந்தக் கத்தரிக்கையிலேயே படிகிறது. குளிர்காலத்தில் மணிக்கணக்காகச் சாய்த்து வைத்தால் ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் குளிர்ந்து பூஞ்சை பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

நெக்கர்க்கரை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மின்னஞ்சலை அனுப்பிவிட்டு, சனிக்கிழமை காலை முழுவதும் அந்த ஜன்னலோடு செலவிட்டேன். மேலே ஊசி முழுவதும் உள்ளேதான் இருக்கிறது. ஒரு பூட்டுத்தகட்டைத் துடைப்பதற்கே ஒன்பது பஞ்சுக்குச்சிகள் ஆயின. மெழுகைப் போல உறைந்திருந்த எண்ணெய் சுருள் சுருளாக வந்தது. அடிப்பக்க நீர்த்துளை ஒன்றில் கடுகு அடைத்துக்கொண்டிருந்தது, பல்குச்சியால் நெம்பி எடுத்தேன். இப்போது கைப்பிடி ஒரு கையால் தடையின்றிக் கீழே வருகிறது. ஆலன் சாவியை அரைச் சுற்று, பிறகு கால் சுற்று திருப்பியதும் உரசலும் நின்றுவிட்டது.

ஆனால் நேற்று வேறொன்று நடந்தது. கதவு திறந்திருந்தபோது ஆறு வயது மகன் கைப்பிடியை மேல்நோக்கித் திருப்பிவிட்டான். கதவு நிலையைவிட்டுப் பிரிந்து, கீழ்ப்பிணைப்பிலும் மேலே அந்தக் கத்தரிக்கையிலும் மட்டும் சாய்ந்து தொங்கியது. முழுவதும் கழன்று விழப்போகிறது என்று நடுங்கிவிட்டோம். கணவர் தாங்கிப் பிடிக்க, எப்படியோ தள்ளி மூடினோம். மறுபடி இப்படி ஆனால் முறையாக என்ன செய்ய வேண்டும்?

வன்னிமண் எழுதியது:

பயப்பட வேண்டாம் தங்கச்சி, அந்த நிலையிலும் கீழ்ப்பிணைச்சலும் கத்தரிக்கையும் கதவைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆனாலும் பாரமான பொருள் என்பதால் இரண்டு பேர் நிற்பது நல்லது.

கைபிடி மேல்நோக்கி இருக்கும்போது கத்தரிக்கை கதவின் விளிம்போடு பூட்டியிராமல் விரிந்து நிற்கும். படுக்கையாக இருக்கும்போதுதான் விளிம்போடு படிந்து பூட்டிக்கொள்ளும். ஆகவே ஒருவர் கதவைத் தாங்கி, மேலே பிணைச்சல் பக்க மூலையை நிலையோடு ஒட்டத் தள்ள வேண்டும், கத்தரிக்கை மடங்கி விளிம்போடு படியும் வரைக்கும். அப்படியே பிடித்துக்கொண்டு மற்றவர் கைபிடியைப் படுக்கை நிலைக்குத் திருப்ப வேண்டும். திரும்ப மறுத்தால் பலத்தைப் பிரயோகிக்காதீர்கள். விளிம்பில் கைபிடியின் உயரத்தை அண்டி ஒரு சிறிய நெம்பு இருக்கும், கதவு திறந்திருக்கையில் கைபிடியைத் தடுப்பதற்கென்றே வைக்கப்பட்டது. அதை விரலால் அழுத்திக்கொண்டு திருப்புங்கள். படுக்கைக்கு வந்ததும் கதவை மூடிக் கைபிடியை இறக்கிவிடலாம்.

மகனால் திறந்த கதவில் கைபிடியைத் திருப்ப முடிந்தது என்றால், அந்தத் தடுப்பு நெம்பு வேலை செய்யவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பிசுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். கதவு திறந்திருக்கும்போது அது தன் வில்லால் வெளியே துள்ளி நிற்கிறதா என்று அழுத்தி விட்டுப் பாருங்கள். துள்ளாவிட்டால் அதைச் சுற்றித் துடைத்து ஒரு துளி எண்ணெய் விடுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் உடைந்திருக்கிறது, அதையும் வீட்டுக்காரருக்கு அறிவியுங்கள்.

மூன்றாவது மாடியில் ஆறு வயதுப் பிள்ளை இருக்கும் வீடு என்பதால், சாவியால் பூட்டும் கைபிடி ஒன்றைப் போட்டுவிடுங்கள். கைபிடியின் அடித்தட்டில் உள்ள மூடியைச் சற்று வெளியே இழுத்துத் திருப்பினால் இரண்டு திருகாணிகள் தெரியும். அவற்றைக் கழற்றினால் கைபிடி கையோடு வந்துவிடும். திருகாணிகளுக்கு இடையே 43 மில்லிமீற்றர், நடுவில் உள்ள சதுரக் கம்பி 7 மில்லிமீற்றர் என்பதுதான் இங்கே வழக்கமான அளவு. கம்பி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது யன்னலுக்கு யன்னல் மாறும், கடைக்குப் போகுமுன் பழையதை அளந்துகொண்டு போங்கள். பழைய கைபிடியை எறிந்துவிடாதீர்கள், வீட்டை விட்டுப் போகும்போது திரும்பப் பொருத்த வேண்டியிருக்கும்.