வேலைக்காகப் பறப்பவர்கள்: கருவிப் பெட்டியில் எது கேபினுக்கு, எது செக்-இன்னுக்கு?

கேள்வி: இணைப்புக்கம்பி

வெளிநாட்டில் இயந்திரம் பழுது பார்க்கப் போகிற சர்வீஸ் டெக்னீஷியன் ஒருவருக்கான பட்டியல் இது. நான்கு நாள் வேலை, நடுவில் ஒரு விமானம் மாற வேண்டும்.

18 வோல்ட் கார்ட்லெஸ் டிரில். அதற்கு 5 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இரண்டு, 9 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்று. டார்க் ரெஞ்ச் (போல்ட்டைக் குறித்த அளவுக்கு முறுக்கும் கருவி), டயல் கேஜ் (நுண்ணிய அளவு பார்க்கும் கருவி), மல்டிமீட்டர், ஸ்பேனர் செட், லேப்டாப், பவர் பேங்க். திரெட்லாக்கர் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) ஒரு பாட்டில், கான்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்வது) ஸ்பிரே ஒன்று. கூடவே மாற்றிப் போட வேண்டிய சர்வோ மோட்டார், 11 கிலோ.

எதைக் கையில் வைத்துக்கொள்வது, எதைச் செக்-இன் செய்வது? கஸ்டம்ஸில் எதற்கெல்லாம் காகிதம் வேண்டும்? என்ன வேலைக்கு வந்தீர்கள் என்று இமிக்ரேஷனில் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது?

பதில் 1: நீலத்தீப்பொறி

பேட்டரியில் தொடங்குகிறேன். அதிகம் பிடிபடுவது அதுதான்.

கணக்கு சுலபம். வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கினால் வாட்-ஹவர். 18 × 5 = 90. நூறுக்குள் இருப்பதால் அந்த இரண்டையும் யாரிடமும் அனுமதி கேட்காமல் கேபினில் எடுத்துப் போகலாம். 100க்கு மேல் 160 வரை உள்ளதற்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். உபரியாக, அதாவது கருவியில் மாட்டாமல் தனியாக, இரண்டுக்கு மேல் கூடாது. 6 ஆம்பியர்-ஹவர் பேட்டரி (108), 8 ஆம்பியர்-ஹவர் பேட்டரி (144) எல்லாம் இந்த வகை.

உங்கள் 9 ஆம்பியர்-ஹவர் பேட்டரி 18 × 9 = 162. வெறும் இரண்டு வாட்-ஹவர் கூடுதல்தான். ஆனாலும் கேபினிலும் போகாது, செக்-இன்னிலும் போகாது. கார்கோவில் அனுப்பலாம் என்றால் அதுவும் சுலபம் இல்லை. 2016 ஏப்ரல் 1 முதல் தனி லித்தியம் அயன் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் கார்கோவாக ஏற்ற முடியாது. சரக்கு விமானத்தில்தான் போகும், அதுவும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இல்லாமல். நான்கு நாள் வேலைக்கு இது தேவையே இல்லை. போகிற இடத்தில் அதே பிராண்ட் பேட்டரி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சில பிராண்டுகள் அதே பேட்டரியில் “20 வோல்ட் மேக்ஸ்” என்று போடும். உள்ளே ஐந்து செல்கள் தொடராக இருக்கும். ஒன்றுக்கு 3.6 என்றால் 18, முழுச் சார்ஜில் 4க்கு மேல் என்றால் 20. செக்யூரிட்டியில் 20ஐப் பெருக்கினால் கணக்கு மாறிவிடும். அதனால் பேட்டரியில் அச்சிட்டிருக்கும் வாட்-ஹவர் எண்ணைக் காட்டுங்கள். அந்த லேபிள் தேய்ந்து போயிருந்தால் பேட்டரியைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள், வாதாடிப் பயனில்லை.

முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போடுங்கள். ஒரு டிரில் பிட் குறுக்கே விழுந்து இரண்டு முனையையும் தொட்டாலே போதும், ஷார்ட் ஆகும்.

பவர் பேங்க்கும் உபரி பேட்டரிதான், கேபினில் மட்டும். 20,000 எம்ஏஎச் என்றால் 3.7 வோல்ட்டில் 74 வாட்-ஹவர், பிரச்சினை இல்லை. 2025 முதல் பல நிறுவனங்கள் பவர் பேங்க்கைத் தலைக்கு மேல் உள்ள பெட்டியில் வைக்க விடுவதில்லை; இருக்கைப் பையிலோ மடியிலோ வைக்கச் சொல்கின்றன.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்றால், சரக்கு அறையில் தீ அணைக்க இருப்பது ஹேலான் வாயு. அது சுடரை அடக்கும், ஆனால் செல்லுக்குள் தானாக ஏறிக்கொண்டே போகும் வெப்பத்தைக் குறைக்காது. கேபினில் என்றால் பணிக்குழு உடனே பார்த்துத் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்க முடியும்.

பதில் 2: மரையாணி

மேலே சொன்னது சரி. டிரில்லின் உடம்பு பேட்டரி இல்லாமல் செக்-இன் பெட்டியில் போகட்டும். ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், டார்க் ரெஞ்ச் எதையும் கேபின் பையில் வைக்காதீர்கள். எத்தனை நீளம் வரை அனுமதி என்பது நாட்டுக்கு நாடு மாறும். போகும்போது விட்டவர்கள் விமானம் மாறும் இடத்தில் விடாமல் போகலாம், அங்கே செக்-இன் செய்யத் திரும்ப வழி இருக்காது.

கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயை மறந்துவிடுங்கள். தீப்பிடிக்கும் ஏரோசால், அழகுசாதனமோ மருந்தோ இல்லை என்பதால் எந்தப் பையிலும் அனுமதி கிடையாது. ஐசோபுரோபைல் ஆல்கஹால், தின்னர், கேஸ் சால்டரிங் அயர்ன் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். போய் இறங்கி அங்கே வாங்கச் சொல்லுங்கள்.

திரெட்லாக்கர் வேறு கதை. உற்பத்தியாளரின் பாதுகாப்புத் தரவுத் தாளில் 14ஆம் பகுதியைப் பாருங்கள், அது போக்குவரத்து பற்றியது. விமானப் போக்குவரத்துக்கு ஆபத்தான பொருள் அல்ல என்று அங்கே இருந்தால் எடுத்துப் போகலாம். அந்தத் தாளை அச்செடுத்துப் பாட்டிலோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். பெட்டியைத் திறந்து பார்ப்பவருக்கு அது ஒரு மர்மத் திரவம்தான், காகிதம் இருந்தால்தான் நகரும். பாட்டிலைப் பாதிக்கு மேல் நிரப்பாமல் விற்பது ஏமாற்று வேலை என்று சிலர் இன்னொரு பாட்டிலில் இருந்து ஊற்றி நிரப்புவார்கள். செய்யாதீர்கள். அந்தப் பசை காற்றோடு இருக்கும்வரைதான் திரவமாக இருக்கும். காற்று இல்லாமல் போனால் உள்ளேயே இறுகிவிடும்.

டார்க் ரெஞ்ச்: ஸ்கேலின் மிகக் குறைந்த எண்ணுக்குத் தளர்த்தி வையுங்கள், அதற்கும் கீழே போகக் கூடாது. ஸ்பிரிங் இறுகியபடி நாள்கணக்கில் கிடந்தால் அளவு பிசகும். அங்கே போனதும் வேலை தொடங்கும் முன் நான்கைந்து முறை கிளிக் செய்ய விடுங்கள். உள்ளே கிரீஸ் பரவ வேண்டும். காலிப்ரேஷன் (அளவு சரிபார்ப்பு) சான்றிதழ் கேபின் பையில் இருக்கட்டும். டயல் கேஜையும் கேபினிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கூர்மையான நீட்டுப் பாகங்களைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு.

ரப்பர் வளையம் வைத்த கடினப் பெட்டி என்றால் ஒரு விஷயம் கவனியுங்கள். அதில் சின்ன வால்வு ஒன்று இருக்கும். பறக்கும்போது விமானத்தின் உள்ளழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாகக் குறையலாம், சரக்கு அறையிலும் அப்படித்தான். பெட்டியின் காற்று மெல்லக் கசிந்து, வால்வும் அடைத்துக் கிடந்தால், தரையிறங்கியதும் வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடிக்கும். 50 × 35 சென்டிமீட்டர் மூடி என்றால் அழுத்த வேறுபாட்டை வைத்துப் பார்த்தால் 450 கிலோவுக்கும் மேல் எடை உட்கார்ந்திருப்பது மாதிரி. நெம்புகோல் போட்டு நெம்பாதீர்கள். வால்வைத் திருகினால் “உஸ்” என்று காற்று போகும், மூடி தானாக வந்துவிடும்.

குளிர்ந்த பெட்டியை ஈரக்காற்றில் உடனே திறப்பதும் தவறு. மின்னணுக் கருவிகளின் மேல் வியர்வை மாதிரி நீர் படியும். மூடியபடியே ஓரிரு மணி நேரம் அறையில் வைத்துவிட்டுத் திறங்கள்.

பதில் 3: முத்திரைத்தாள்

கஸ்டம்ஸ் பக்கம். உங்கள் பட்டியலில் இரண்டு விதமான பொருள் இருக்கிறது, இரண்டையும் கலக்காதீர்கள். டிரில், ரெஞ்ச், மீட்டர் எல்லாம் உங்களோடு திரும்பி வரும். மோட்டார் அங்கேயே தங்கும்.

திரும்பி வரும் கருவிக்கு ஏடிஏ கார்னே. பொருளை வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர உதவும், 1961 ஒப்பந்தத்தின் கீழ் வந்த ஆவணம், ஓராண்டு வரை செல்லும். பட்டியலில் ஒவ்வொரு கருவிக்கும் சீரியல் எண், எண்ணிக்கை, எடை, மதிப்பு. வழங்கிய பின் ஒரு ஸ்பேனரைக்கூடப் பட்டியலில் சேர்க்க முடியாது. மேலட்டை பச்சை, உள்ளூரில் இருந்து வெளியேறவும் திரும்பவும் மஞ்சள் தாள்கள், வெளிநாட்டில் நுழையவும் கிளம்பவும் வெள்ளை, வழியில் கடந்துபோக நீலம். இதற்கு ஈட்டுத்தொகை அல்லது வங்கி உத்தரவாதம் கேட்பார்கள்.

தவறு எங்கே நடக்கிறது என்றால், கிளம்பும்போது வெள்ளைத் தாளில் முத்திரை வாங்காமல் வந்துவிடுவதில். பெட்டியைச் செக்-இன் பெல்ட்டில் போட்ட பிறகு கஸ்டம்ஸ் மேஜைக்குப் போனால், “பொருளைக் காட்டுங்கள்” என்பார்கள். பெட்டி போய்விட்டது, எதைக் காட்டுவது? முத்திரை இல்லை என்றால் அந்த நாட்டிலேயே விற்றுவிட்டதாகக் கருதி, மாதங்கள் கழித்து வரி கேட்டுக் கடிதம் வரும். ஆகவே முதலில் கஸ்டம்ஸ், பிறகு செக்-இன். விடிகாலை விமானம் என்றால் அந்த மேஜை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

போகிற நாடு கார்னேயை ஏற்பதில்லை என்றால், கிளம்பும் முன் உள்ளூர் கஸ்டம்ஸில் சீரியல் எண்களோடு பட்டியல் கொடுத்து முத்திரை வாங்கி வையுங்கள். திரும்பும்போது இவை புதிதாக வாங்கி வந்தவை அல்ல என்பதற்கு அதுதான் சாட்சி.

மோட்டார் கார்னேயில் வரவே கூடாது. அதற்கு விலைப்பட்டியல் தனி. வாரண்டியில் இலவசமாக மாற்றுவதாக இருந்தாலும் மதிப்பைப் பூஜ்யம் என்று எழுதாதீர்கள். கஸ்டம்ஸ் கணக்குக்கான உண்மை மதிப்பைப் போட்டு, காரணத்தைக் கீழே எழுதுங்கள். சிவப்பு வழியில் போய் நீங்களே அறிவியுங்கள்.

இமிக்ரேஷன் கேள்விக்கு: வாய் சொல்வதும் விசா சொல்வதும் பெட்டி சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும். “மீட்டிங்குக்கு வந்தேன்” என்று சொல்லிவிட்டு 20 கிலோ ஸ்பேனரோடு நின்றால் சந்தேகம் வரத்தான் செய்யும். வணிக விசாவில் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம், பேரம் பேசலாம். இயந்திரத்தில் கை வைப்பது பல நாடுகளில் வேலை என்றே கணக்கு. விற்பனை ஒப்பந்தத்தில் சர்வீஸ் பிரிவு இருந்தால் சில நாடுகள் விதிவிலக்குத் தருகின்றன. தூதரகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலைக் கையில் வைத்திருங்கள். அழைப்புக் கடிதத்தில் இயந்திரத்தின் பெயர், வேலையின் விவரம், நாட்கள், சம்பளம் தருவது யார் என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

இணைப்புக்கம்பி

மிக்க நன்றி. இரண்டு கேள்வி. மோட்டாரில் காந்தம் இருக்கிறது, அதற்குத் தடை உண்டா? விமானம் மாறும் இடத்தில் பெட்டி வராமல் போனால்?

பதில் 4: மரையாணி

முழு மோட்டாராக இருந்தால் காந்தப்புலம் இரும்புக் கூட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். கழற்றிய ரோட்டரை (உள்ளே சுழலும் காந்தப் பாகம்) தனியாகக் கொண்டுபோகாதீர்கள். 2.1 மீட்டர் தொலைவில் 0.002 காஸ் (காந்தப்புல அலகு) தாண்டினாலே கார்கோ விதியில் அது காந்தப் பொருள். தவிர, இரும்புத் தூளையெல்லாம் இழுத்துக்கொள்ளும்.

மோட்டாரின் பின்பக்கம் என்கோடர் (சுழற்சியை அளக்கும் பாகம்) இருக்கும், அதில் பல மாடல்களில் கண்ணாடித் தட்டு. ஷாஃப்ட் (சுழல் தண்டு) மேல் விழும் ஒரு அடி நேராக அங்கே போய்ச் சேரும். ஷாஃப்ட்டுக்குப் பிளாஸ்டிக் மூடி மாட்டி, நாலாபுறமும் 5 சென்டிமீட்டர் கெட்டி ஃபோம் வைத்துப் படுக்கையாக வையுங்கள்.

எடையையும் பாருங்கள். பெரிய கடினப் பெட்டி காலியாகவே 6, 7 கிலோ வரும். மோட்டாரும் சேர்ந்தால் 18. 23 கிலோ வரம்பில் மிச்சம் 5தான். ஸ்பேனர் செட்டுக்கு இரண்டாவது பெட்டி வேண்டும். கூடுதல் பணம் கட்டினாலும் ஒரே பெட்டியில் 32 கிலோவைத் தாண்ட விடமாட்டார்கள், தூக்குகிறவரின் முதுகுக்கான வரம்பு அது.

பதில் 5: முத்திரைத்தாள்

பெட்டி வராவிட்டால்: இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். தனித்தனி டிக்கெட் என்றால் முதல் நிறுவனத்தின் பொறுப்பு நடுவழியிலேயே முடிந்துவிடும். கார்னேயில் போகும் பெட்டியை வழியிலுள்ள நாட்டில் எடுத்து மறுபடி போட வேண்டியிருந்தால் நீலத் தாளும் தேவைப்படும்.

மான்ட்ரியல் ஒப்பந்தப்படி இழப்பீட்டின் உச்சம் ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர், 2024 டிசம்பர் 28 முதல். எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. பெட்டி ஒன்றுக்கு அல்ல, ஆளுக்கு. கருவிகளின் மதிப்பு அதைத் தாண்டினால் செக்-இன் நேரத்தில் மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டலாம், இல்லையென்றால் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும். சேதம் என்றால் 7 நாளுக்குள், தாமதம் என்றால் பெட்டி கையில் கிடைத்ததில் இருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன்பே முதல் பதிவைப் போட்டு எண் வாங்கிவிடுங்கள்.

பதில் 6: நங்கூரம்

தலைப்பில் “வேலைக்காகப் பறப்பவர்கள்” என்று இருப்பதால் கப்பல்காரர்களுக்கும் ஒரு பத்தி. கப்பலில் ஏறப் போகிறவருக்குத் திரும்பி வரும் டிக்கெட் இருக்காது. கவுண்டரில் இதை வைத்துத்தான் நிறுத்துவார்கள். ஏஜென்ட் தரும் லெட்டர் ஆஃப் கேரண்டி (உத்தரவாதக் கடிதம்) அச்செடுத்துக் கையில் இருக்க வேண்டும்: கப்பல் பெயர், துறைமுகம், ஏறும் தேதி, உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே. ஓர் எழுத்து மாறினாலும் திருத்தி அனுப்பச் சொல்லுங்கள். டிக்கெட் மரைன் ஃபேரில் (கப்பல் பணியாளருக்கான தனிக் கட்டணம்) போட்டதா என்று பாருங்கள். கப்பல் தாமதமானால் தேதி மாற்றுவது சுலபம், லக்கேஜும் பொதுவாகக் கூடுதல். சீமேன்ஸ் புக் (கப்பல் பணியாளருக்கான அடையாளப் புத்தகம்), தகுதிச் சான்றுகள், மருத்துவச் சான்று மூன்றும் கேபின் பையில்தான். மருத்துவச் சான்று அதிகபட்சம் இரண்டு ஆண்டுதான் செல்லும், ஒப்பந்த நாட்களுக்குப் போதுமா என்று கணக்கிடுங்கள். ஒப்பந்தம் முடிந்து வீடு திரும்பும் செலவு 2006 கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தப்படி கப்பல் உரிமையாளர் தலையில். உங்களிடம் முன்பணமாக வாங்கக் கூடாது.

பதில் 7: ஆழ்கடல்

நீருக்கடியில் வேலை செய்பவர்கள் டிக்கெட் போடும்போது தேதியை மட்டும் பார்க்காதீர்கள், மணியைப் பாருங்கள். டிகம்ப்ரஷன் (மேலே ஏறும்போது நடுவில் நின்று நின்று அழுத்தத்தைக் குறைப்பது) தேவைப்படாத ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம் கழித்துத்தான் பறக்கலாம். பல நாள் தொடர்ந்து இறங்கியிருந்தால் 18. டிகம்ப்ரஷன் நிறுத்தங்களோடு ஏறியிருந்தால் 18ஐ விட நன்றாகவே கூடுதலாக வேண்டும். மேலே அழுத்தம் குறையும்போது உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழாகும், மூட்டு வலியில் தொடங்கி முதுகுத்தண்டு வரை போகும். கடைசி நாள் வேலை நீண்டுவிட்டது என்றால் டிக்கெட்டைத் தள்ளிப் போடச் சொல்லி நிறுவனத்திடம் கேளுங்கள். டைவ் லாக் நகலைப் பயணப் பையிலேயே வையுங்கள். வழியில் கை மரத்துப் போனால் மருத்துவர் முதலில் கேட்பது எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம் என்பதுதான்.