புதுப்பிப்பு: கோவில்பட்டி ஹாக்கி கோடை முகாம் – பெனால்டி கார்னர்

முந்தைய பதிவில் பையன்களின் வேகத்தையும் ட்ரிப்ளிங்கையும் மட்டும் சொல்லியிருந்தேன். பெனால்டி கார்னர் (எதிரணி தவறு செய்தால், கோல் பக்க எல்லைக் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளித் தொடங்கும் கோல் வாய்ப்பு) எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

டிராக் ஃபிளிக்கில் (பந்தை மட்டையால் இழுத்துக் கோலை நோக்கி வீசும் அடி) நல்ல பலம். சிக்கல், பந்து வந்து சேருவதில். கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டரில் நின்று தள்ளும் பையன் கடைசி நொடியில் மணிக்கட்டைச் சட்டென்று திருப்புகிறான். பந்து துள்ளி, அதை நிறுத்துபவர் படுக்க வைத்த மட்டையின்மேல் ஏறிவிடுகிறது. அவர் அதை அடக்குவதற்குள் ரஷ்ஷர் (அடியைத் தடுக்க கோல் பக்கமிருந்து ஓடிவருபவன்) வந்துவிடுகிறான். பின்காலில் எடை போட்டு, பந்தை மட்டையோடு ஒட்டியே இழுத்துத் தள்ளினால் தரையோடு போகும்.

தற்காப்பில் அந்த முதல் ரஷ்ஷர் அபாரம்! மட்டையைத் தாழ்த்தி, ஃபிளிக் வரும் பாதையிலேயே ஓடுகிறான். ஆனால் ஃபிளிக் அடிப்பவனிடமிருந்து 5 மீட்டருக்குள் முழங்காலுக்குக் கீழே பந்து பட்டால் மறுபடியும் கார்னர்தான். ஓட்டத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் மாற்றிக் கொடுத்தால் போதும், பையன் தேறிவிடுவான்.