அம்மாவின் போன் இன்னும் அடிக்கிறது

குழு: நம்ம வீடு
நிர்வாகி: அம்மா

சனிக்கிழமை

தம்பி, இரவு 8.12: நினைவுக் கூட்டத்தில் படிப்பதற்கு எழுதிவிட்டேன். பார்த்துச் சொல்லுங்கள். "அன்பான மனைவியாகவும், பாசமிகு தாயாகவும், தன்னலமற்ற சமூக சேவகியாகவும் வாழ்ந்து மறைந்த எங்கள் அம்மா..." இப்படி ஆரம்பித்து ஒரு பக்கம் வரும்.

சித்தி, 8.15: நன்றாக இருக்கிறது கண்ணா.

சித்தி, 8.16: ஆனால் இதில் அவள் எங்கே இருக்கிறாள்? பெயரை மாற்றினால் யாருக்கு வேண்டுமானாலும் படிக்கலாம் போல இருக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

தம்பி, 8.18: மூன்று ராத்திரி உட்கார்ந்து எழுதினேன் சித்தி.

அக்கா, 8.21: தன்னலமற்ற என்பதை எடுத்துவிடு.

தம்பி, 8.21: ஏன்?

அக்கா, 8.26: என் பட்டமளிப்பு விழாவில், என் பெயரைக் கூப்பிட இன்னும் இரண்டு பேர்தான் பாக்கி. எழுந்து வெளியே போய்விட்டாள். யாருக்கோ பிளேட்லெட் வேண்டுமாம். தன் நலத்தை மட்டுமா கொடுத்தாள்? நம்முடையதையும் சேர்த்துத்தான் கொடுத்தாள். அதையும் எழுது, அப்புறம் அந்த வார்த்தை இருக்கட்டும்.

மாமா, 8.40: இந்த நேரத்தில் இதெல்லாம் எதற்கம்மா.

அப்பா, 8.43: பேசட்டும். அவள் சொல்வது உண்மை. அன்று வண்டி ஓட்டியது நான்தான்.

அப்பா, 8.48: பிளேட்லெட் ஐந்து நாளுக்கு மேல் தாங்காது. சிவப்பணுவைப் போல ஃபிரிட்ஜிலும் வைக்கக் கூடாது. அதனால் அதற்கு எப்போதும் அவசரம்தான். உன் அம்மா வண்டியில் சொல்லித்தான் எனக்கே தெரியும். அன்று போகிற வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். உன்னிடம் சொல்லவில்லையா?

அக்கா, 8.49: இல்லை

அக்கா, 8.49: சொன்னதே இல்லை

சித்தி, 9.02: ஒன்று கேட்க வேண்டும். நேற்று ராத்திரி ஒரு மணிக்கு அவள் பெயருக்குக் கீழே ஆன்லைன் என்று காட்டியது. எனக்குக் கை கால் எல்லாம் உதறிவிட்டது.

நான், 9.04: நான்தான் சித்தி, மன்னித்துவிடுங்கள். அம்மாவின் போன் என்னிடம் இருக்கிறது. பதினோரு நாளில் இருபத்துமூன்று பேர் கூப்பிட்டுவிட்டார்கள். எல்லாம் ரத்தம் கேட்டுத்தான். அம்மா இல்லை என்று சொன்னால் ஐயோ என்கிறார்கள். அப்புறமும் போனை வைக்க மனம் வராமல் நிற்கிறார்கள். வேறு யாரிடம் கேட்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, பாவம்.

தம்பி, 9.05: நம்பரை நிறுத்திவிடலாமே.

நான், 9.11: நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் அவளுடைய நீல அட்டை நோட்டைத் திறந்தேன். ஒவ்வொரு ரத்த வகைக்கும் தனிப் பக்கம். பெயர், நம்பர், கடைசியாகக் கொடுத்த தேதி. ஓரத்தில் பொடி எழுத்தில் குறிப்பு. "ராத்திரியும் கூப்பிடலாம்." "வீட்டுக்குத் தெரியாமல் கொடுக்கிறார், மெசேஜ் வேண்டாம்." "சாப்பிடாமல் வருவான், முதலில் சாப்பிட வை." "ஊசியைப் பார்க்க மாட்டான், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்."

தம்பி, 9.12: அந்தக் கடைசி ஆள் நான்தானே?

நான், 9.13: நீதான். ஓ நெகட்டிவ் பக்கத்தில் முதல் ஆள். பெயர்கூட இல்லை, "சின்னவன்" என்று போட்டிருக்கிறாள். ஒன்பது தேதி இருக்கிறது.

தம்பி, 9.17: பதினெட்டு முடிந்த மறுநாளே கூட்டிக்கொண்டு போனாள். "உன் சிவப்பணு எல்லோருக்கும் சேரும்டா, உனக்கு உன் வகை மட்டும்தான் சேரும். அதனால் உன்னைப் போல இருக்கிறவர்களை நாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்" என்றாள். அதுதான் அந்த வருடப் பிறந்தநாள் பரிசு.

அக்கா, 9.18: உனக்காவது அது கிடைத்தது. என் பிறந்தநாளை இரண்டு தடவை மறந்திருக்கிறாள். கார்ல் லாண்ட்ஸ்டைனர் பிறந்தநாளை ஒரு வருடமும் விட்டதில்லை.

நான், 9.19: ஜூன் 14. "1868இல் பிறந்தார், 1901இல் ரத்த வகைகளைப் பற்றி எழுதினார், 1930இல் நோபல் பரிசு வாங்கினார், இன்று உலக ரத்ததான நாள், அனைவரும் வருக." வருடா வருடம் ஓர் எழுத்து மாறாது.

மாமா, 9.31: இது எப்படி ஆரம்பித்தது என்று உங்களுக்குத் தெரியாது. எங்கள் அம்மாவின் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்க இவள் போனாள். ஹீமோகுளோபின் 12.5 வேண்டும் என்றார்கள், இவளுக்கு 11.2. திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்ததே கோபம்! அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து தெரிந்தவர்களை எல்லாம் கூப்பிட ஆரம்பித்தாள். சாயங்காலத்துக்குள் ஏழு பேர் வந்து நின்றார்கள். கடைசிவரை அவள் கொடுத்தது மூன்றே தடவைதான்.

தம்பி, 9.32: மூன்றா? நான் ஐம்பது என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அக்கா, 9.32: அதையும் எடு.

சித்தி, 9.40: மனைவி என்று எழுதினாயே, அதற்கு நான் சொல்கிறேன். அத்தான் கால் முறிந்து நான்கு மாதம் படுத்திருந்தபோது ஒரு கையால் அவரைத் தாங்கிப் பிடித்து நடக்க வைப்பாள், இன்னொரு கையில் போன். "இருங்க, ஒரு நிமிஷம்" என்பது அத்தானுக்கா போனில் இருப்பவருக்கா என்று யாருக்கும் தெரியாது.

அப்பா, 9.44: பெரும்பாலும் எனக்குத்தான்.

அப்பா, 9.58: கடைசி வாரம் அவளுக்கு ரத்தம் ஏற்றினார்களே. கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பையின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். "எடுத்து ஒன்பது நாள்தான் ஆகிறது, நல்ல ரத்தம்" என்றாள். யார் கொடுத்தது என்று அதில் போட மாட்டார்களே என்று ஒரு வருத்தம். போட்டிருந்தால் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பாள்.

அப்பா, 10.03: நான் ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லை. ஊசி என்றால் எனக்கும் பயம். கொடுங்கள் என்று அவள் என்னைக் கேட்டதே இல்லை. வண்டி எடுங்கள் என்பாள், எடுப்பேன். இப்போது வயது 67. நானே போய் நின்றாலும் எடுக்க மாட்டார்கள்.

அப்பா, 10.04: நம்பரை நிறுத்த வேண்டாம். நாளைக்கு வரும்போது போனையும் நோட்டையும் எடுத்து வா.

நான், 10.05: சரி அப்பா. நோட்டைப் போட்டோ எடுத்து இங்கே போடட்டுமா?

அக்கா, 10.05: போடாதே. ஒருவர் நம்பரை இன்னொருவருக்குக் கொடுக்கவே மாட்டாள். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

தம்பி, மாலை 6.20: எழுதியதைக் கிழித்துவிட்டேன். நோட்டின் ஓரக் குறிப்புகளை மட்டும் படிக்கப் போகிறேன், யார் பெயரும் இல்லாமல். சரியா?

அக்கா, 6.21: சரி. பட்டமளிப்பு விழாவையும் சொல்.

தம்பி, 6.21: நிஜமாகவா?

அக்கா, 6.22: அவள் அழுததையும் சேர்த்துச் சொல்.

புதன்கிழமை

அம்மா, இரவு 1.20: பி நெகட்டிவ் கேட்கிறார்கள். நோட்டில் எந்தப் பக்கம்? கண்ணாடியைக் காணவில்லை. அப்பா.

அக்கா, 1.21: கடைசிக்கு முந்தின பக்கம். மூன்றாவது ஆளை ராத்திரியில் கூப்பிடலாம்.

அக்கா, 1.21: கண்ணாடி டிவி மேல் இருக்கும், பாருங்கள்.