விந்தணு 'இல்லை'ன்னு ரிப்போர்ட் – ஊசி வெச்சு எடுத்து ஐயூஐ பண்ணலாமா?

காவிரிக்கரை:

வணக்கம். எனக்கு 29, அவருக்கு 34. கல்யாணமாகி நாலரை வருஷம். ஊர் ஈரோடு பக்கம். இத்தனை நாளா ஸ்கேன், மாத்திரை, குழாய் எக்ஸ்ரே எல்லாம் எனக்குத்தான். எல்லாம் நல்லா இருக்கு. போன மாசம்தான் முதல் தடவையா அவரை டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க. அளவு 2.6 மில்லி, அதுக்குக் கீழ 'விந்தணு இல்லை'ன்னு இருந்துச்சு. 15 நாள் கழிச்சு வேற லேப்ல கொடுத்தோம், அதுவும் அப்படியே. ரத்தத்துல எஃப்எஸ்ஹெச்ங்கற ஹார்மோன் 4.2.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் "டோனர் ஐயூஐ போயிடலாம், பேசிட்டு வாங்க"ன்னு 5 நிமிஷத்துல அனுப்பிட்டாங்க. ஐயூஐன்னா விந்தணுவைக் கழுவி நேரா கர்ப்பப்பைக்குள்ள விடறது, டோனர்னா அது வேற ஒருத்தரோடது. அவரு வெளிய வந்து சாவியைக் கையில வெச்சுக்கிட்டு, ஸ்டாண்டு போட்ட வண்டியிலயே உக்காந்திருந்தாரு. அன்னையிலிருந்து தறிக்கொட்டகையிலதான் படுக்கறாரு.

விதையிலிருந்து ஊசி வெச்சு விந்தணு எடுக்கலாம்னு கேள்விப்பட்டேன். அதை வெச்சு ஐயூஐ பண்ண முடியுமா? ஐவிஎஃப் (லேப்ல கரு உண்டாக்கி உள்ள வைக்கறது) அளவுக்கு இப்ப கையில காசு இல்லை. செஞ்சவங்க சொல்லுங்க.

கண்மணி:

எங்க வீட்டுக்காரருக்கு சர்க்கரை. வெளிய ஒரு சொட்டு வர்றதே கஷ்டமா இருந்துச்சு. முடிஞ்ச உடனே சிறுநீர் எடுத்துப் பார்த்தாங்க, விந்தணு எல்லாம் அதுல இருந்துச்சு, வெளிய வராம பின்னாடி சிறுநீர்ப்பைக்குள்ள போயிருக்கு. சிறுநீரோட புளிப்பு அதைக் கொன்னுடும்னு சோடா உப்பு குடிக்கச் சொல்லி, அப்புறம் எடுத்துக் கழுவி ஐயூஐ பண்ணினாங்க. உங்களுக்கு 2.6 மில்லி வர்றதால இதுவா இருக்காது. ஆனா அளவு ரொம்பக் கம்மியா வர்றவங்க யாராவது இதைப் படிச்சா, சிறுநீரையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லிக் கேளுங்க.

சேலத்துக்காரன்:

தங்கச்சி, எனக்கு 41. நான் இந்த வழி முழுசும் நடந்தவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

17 வயசுல எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. கன்னம் வத்தின அப்புறம் கீழ ரெண்டு பக்கமும் வீங்கி, நடக்க முடியாம பத்து நாள் கிடந்தேன். வேப்பிலை அரைச்சுப் போட்டாங்க, சரியாயிடுச்சு, மறந்துட்டோம். 33 வயசுல உங்க வீட்டுக்காரர் மாதிரியே 'இல்லை'ன்னு காகிதம் வந்தப்ப, அந்தக் காய்ச்சலைப் பத்தி என்னை யாரும் கேட்கலை. ஒரு இடத்துல ரெண்டு பக்கமும் ஊசியால குத்தி உறிஞ்சிப் பார்த்தாங்க, ஒண்ணும் கிடைக்கலை. "உங்களுக்கு உற்பத்தியே இல்லை"ன்னு பில் போட்டாங்க.

அடுத்துப் பார்த்த ஆண்கள் டாக்டர்தான் முதல்ல கையால தொட்டுப் பார்த்தாரு. விதை சின்னதா இருக்குன்னாரு. எஃப்எஸ்ஹெச் 27, ரொம்ப அதிகம்; விதையில உற்பத்தி குறைஞ்சா இது ஏறும். குரோமோசோம் டெஸ்ட், ஒய் குரோமோசோம்ல துண்டு விட்டுப் போயிருக்கான்னு பார்க்கிற டெஸ்ட் ரெண்டும் எடுத்தாரு. ஒய்ல சில பகுதி முழுசா இல்லைன்னா ஆபரேஷனே பண்ணிப் பிரயோஜனம் இல்லை. வேற ஒரு பகுதி இல்லைன்னா விந்தணு கிடைக்கலாம், ஆனா பிறக்கிற பையனுக்கும் அந்தக் குறை போகும். எனக்கு ரெண்டு டெஸ்ட்லயும் குறை ஒண்ணும் இல்லை. அப்புறம் மைக்ரோ டெசே பண்ணினாரு. மயக்கம் கொடுத்து, விதையைத் திறந்து, மைக்ராஸ்கோப்ல கொஞ்சம் பருத்துத் தெரியற நுண்குழாயாத் தேடித்தேடி எடுக்கறது. பக்கத்து ரூம்ல லேப் ஆளுங்க அதைக் கிழிச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தாங்களாம். நாலு மணி நேரம். என் மனைவி வெளிய பிளாஸ்க்ல கொண்டு வந்த காபியை மூடியே திறக்காம வெச்சிருந்தா. நான் கண்ணு முழிச்சப்ப அவ முகத்தைப் பார்த்தேன், கேட்கவே வேண்டியிருக்கலை.

கிடைக்கலை. என் மாதிரி உற்பத்தி குறைஞ்சவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் கிடைக்கும்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க.

அதுக்கப்புறம் ஒரு வருஷம் வீட்டுல அதைப் பத்திப் பேச்சே இல்லை. ஒரு நாள் ராத்திரி நான்தான் டோனர் பேச்சை எடுத்தேன். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். ரெண்டாவது ஐயூஐல நின்னுச்சு. பாப்பாவுக்கு இப்ப நாலு வயசு, நான் சாப்பாடு ஊட்டினாதான் சாப்பிடுவா. டோனர் போனதுக்கு ஒரு நாளும் நான் வருத்தப்பட்டதில்லை. ஆனா முதல் நாளே, காரணம் தெரியாம, யாரோ சொன்னாங்கன்னு போயிருந்தா, "நமக்கு இருந்திருக்குமோ"ங்கற கேள்வி சாகுற வரைக்கும் கூடவே இருந்திருக்கும்.

என் 27 வேற, உங்க 4.2 வேற. அதை விட்டுடாதீங்க. அவரைக் கூட்டிக்கிட்டு ஆண்கள் டாக்டரைப் பாருங்க.

லேப் அக்கா:

20 வருஷமா கருத்தரிப்பு லேப்ல வேலை பார்க்கறேன். உங்க கேள்விக்கு முதல்ல பதில்: முடியாது. ஐயூஐக்குக் கழுவின பிறகும் ஓடுற விந்தணு பல லட்சம் வேணும். 10 லட்சத்துக்கும் கீழ போனா நாங்களே பலன் ரொம்பக் கம்மின்னு சொல்லிடுவோம். ஊசியில கிடைக்கிறது அதுக்குக் கிட்டக்கூட வராது. விதைக்குள்ள இருந்து வர்றதுக்கு நீந்தற பலமும் இருக்காது, வாலை லேசா ஆட்டும், அவ்வளவுதான். அதனால ஒவ்வொரு முட்டைக்குள்ளயும் ஒவ்வொண்ணா நாங்களே ஊசியால வைக்கணும். அதுக்குப் பேரு இக்சி. 1992ல பிரஸ்ஸல்ஸ்ல இருந்து இந்த முறையில உண்டான கர்ப்பங்களைப் பத்தி முதல் அறிக்கை வந்துச்சு. அதுக்கு முன்னாடி இந்த மாதிரித் தம்பதிகளுக்கு டோனரை விட்டா வழி ரொம்பக் குறைவு.

ரெண்டு விஷயம் கேட்கணும். ரெண்டு லேப்லயும் சாம்பிளைச் சுழற்றி அடியில தங்கினதைப் பார்த்தாங்களா? அப்படிப் பார்க்காம 'இல்லை'ன்னு எழுதக் கூடாது. அடுத்தது, அவருக்குச் சின்ன வயசுல குடலிறக்க ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கா? எஃப்எஸ்ஹெச் சரியா இருந்து, அளவும் சரியா இருந்து, விந்தணு மட்டும் இல்லைன்னா வழியில அடைப்பு இருக்கலாம். குழந்தையா இருக்கும்போது ரெண்டு பக்கமும் அந்த ஆபரேஷன் பண்ணினவங்களுக்கு விந்துக்குழாய் அடிபட்டிருக்க வாய்ப்பு உண்டு.

டோனர்னு முடிவானா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க: 2021ல வந்த கருத்தரிப்பு சிகிச்சைச் சட்டப்படி பதிவு செஞ்ச விந்தணு வங்கி வழியாத்தான் வாங்கணும். சொந்தக்காரர், கொழுந்தனார்னு வீட்டுல யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. காசு விஷயத்துக்கு, எழும்பூர் அரசு தாய்சேய் மருத்துவமனையில கருத்தரிப்பு மையம் இருக்கு, அங்க விசாரிச்சுப் பாருங்க.

காவிரிக்கரை:

லேப் அக்கா, நீங்க கேட்டதை அவர்கிட்டக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் வேட்டியை விலக்கி, தொடை இடுக்குல ரெண்டு பக்கமும் விரல் நீளத்துல வெளுத்த கோடு காட்டினாரு. நாலரை வருஷமா பார்த்திருக்கேன், கேட்கணும்னு தோணினதே இல்லை. அத்தைகிட்டக் கேட்டதுக்கு, மூணு வயசுல கோயமுத்தூர்ல ரெண்டு பக்கமும் ஆபரேஷன் பண்ணினதாச் சொன்னாங்க. "நான்தானே சாமி தூக்கிட்டுப் போனேன்"னு அழுதாங்க. "அன்னைக்குப் பண்ணலைன்னா குடல் மாட்டியிருக்கும்மா"ன்னு அவரே சமாதானம் சொன்னாரு.

காவிரிக்கரை (மூணு வாரம் கழிச்சு):

ஆண்கள் டாக்டரைப் பார்த்துட்டோம். விதை அளவு நல்லா இருக்கு, மேல இருக்கிற சுருள் குழாய் வீங்கியிருக்கு, அடைப்புதான் போலன்னாரு. பழைய அடைப்பைத் திறக்கறது இந்த இடத்துல கஷ்டமாம். அந்தச் சுருள் குழாயிலிருந்தே ஊசியால எடுத்து உறைய வெச்சுடலாம், காசு சேர்ந்ததும் இக்சி பண்ணலாம்னாரு. அவரு சரின்னுட்டாரு. தேதி குறிச்சாச்சு. சேலத்து அண்ணா, எடுத்த பிறகு எத்தனை நாள் தறிக்குப் போகக் கூடாது?

சேலத்துக்காரன்:

எனக்குத் திறந்து பண்ணினதால பத்து நாள் ஆச்சு. ஊசின்னா ரெண்டு மூணு நாள்ல நடமாடலாம்னு எங்க டாக்டர் சொல்வாரு, உங்க டாக்டர்கிட்டயும் கேட்டுக்கங்க. இறுக்கமான ஜட்டி ரெண்டு வாங்கி வைங்க, துணியில சுத்தி ஐஸ் ஒத்தடம் கொடுங்க. ஒரு வாரத்துக்கு பாவு நூல் சுத்தின கனமான பீமை மட்டும் அவரைத் தூக்க விடாதீங்க, ஆள் வெச்சுக்கங்க.