பூச்சி எதிர்ப்பு: எதிர்ப்பது யார்?

அன்புள்ள குழுவினருக்கு,

பயிர்ப் பாதுகாப்புப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பி.டி. பருத்தி (ஒரு பாக்டீரியாவின் மரபணுவைப் புகுத்தியதால் புழுவைக் கொல்லும் புரதத்தைத் தானே உண்டாக்கும் பருத்தி) பற்றிய இயலில் "பூச்சி எதிர்ப்புத்திறன்" என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். ஒரு பத்தியில் அது பயிரின் குணம்: இலையைக் கடித்த புழு சாகிறது. அடுத்த பத்தியில் அதுவே புழுவின் குணம்: தின்ற பிறகும் சாவதில்லை. மாணவர் எப்படிப் பிரித்தறிவார்? தனித்தனிச் சொல் தாருங்கள்.

*

ஐயா, இது தடுமாறு தொழிற்பெயர், அதாவது செய்தவர் யார், செய்யப்பட்டவர் யார் என்று இருபொருள் தரும் தொடர். "புலி கொல் யானை" போலத்தான்: புலியைக் கொன்ற யானையா, புலி கொன்ற யானையா? பூச்சியை எதிர்ப்பதா, பூச்சியது எதிர்ப்பா என்று விரித்தால்தான் விளங்கும். பயிரைப் "பூச்சிகொல் பயிர்" என்போம். மற்றதற்கு "நஞ்சு பழகல்". "மருந்து பழகிப்போச்சு" என்று உழவர்களே சொல்கிறார்களே. அப்புறம், நைதல் என்ற வினையிலிருந்து நஞ்சு பிறந்தது என்பது என் நெடுநாள் கருத்து. பி.டி. புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து, குடற்சுவரைத் துளைத்து நைய வைக்கிறது. எவ்வளவு பொருத்தம்!

*

வணக்கம் ஐயா. நான் பூச்சியியல் கற்பிப்பவள். இரண்டையும் ஏற்க முடியவில்லை. "பூச்சிகொல்" என்றால் எல்லாப் பூச்சியும் சாகும் என்று நினைப்பார்கள். பி.டி. பருத்தி கொல்வது அந்துப்பூச்சிகளின் புழுக்களை. சாறு உறிஞ்சும் அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் ஒன்றும் ஆகாது. வட சீனத்தில் இந்தப் பருத்தி வந்து மருந்தடிப்பு குறைந்ததும் பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, சிலந்தி எல்லாம் பெருகின, அவை தின்றதால் அசுவினி குறைந்தது. மருந்தடிப்பு குறைந்த அதே காரணத்தால், பயிரைக் கெடுக்கும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் பெருகியது. இத்தனையையும் "கொல்" மறைத்துவிடும்.

"பழகல்" அதைவிடப் பிழை. எந்தப் புழுவும் தின்று தின்று பழகுவதில்லை. பிறவியிலேயே தாங்கக்கூடிய ஒன்றிரண்டு தப்பி, அவற்றின் வழித்தோன்றல்கள் வயலை நிறைக்கின்றன. அதனால்தான் வயலோரம் பி.டி. அல்லாத பருத்தியைப் புகலிடமாக விடுகிறோம். அங்கிருந்து வரும் சாதாரண அந்து, தப்பிய அந்தோடு இணையும். தாங்கும் குணம் ஒடுங்கு பண்பாக (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் பண்பாக) இருக்கும்வரை, அவற்றுக்குப் பிறக்கும் புழு பி.டி. பயிரைத் தின்றால் சாகும். பழகல் என்று படித்த பிள்ளைக்குப் புகலிடம் எதற்கென்றே புரியாது. "நஞ்சு மீறல்" என்று வையுங்கள்.

*

அம்மா சொல்வது சரி, பழகலை விட்டுவிடுகிறேன். ஆனால் மீறல் என்றால் விதிமீறல் நினைவுக்கு வருகிறது, புழு ஏதோ குற்றம் செய்ததுபோல. "நஞ்சு வெல்திறன்" நல்லது. பயிருக்குப் "புழுவெதிர் பயிர்" எப்படி? மக்காச்சோள வேர்ப்புழு வண்டினத்தின் புழு. அதை எதிர்க்கும் பி.டி. மக்காச்சோளத்துக்கும் இது பொருந்தும். நைதலை மட்டும் விட மாட்டேன். தனி மடலில் எழுதுகிறேன்.

*

எதற்கு இத்தனை புதுச்சொல்? "பயிரின் எதிர்ப்புத்திறன்", "புழுவின் எதிர்ப்புத்திறன்" என்று வேற்றுமை உருபை விரித்து எழுதினால் குழப்பம் தீர்ந்தது. வேளாண்மை படித்த எல்லாருக்கும் தெரிந்த சொல்லை ஏன் கைவிட வேண்டும்?

*

அனைவருக்கும் நன்றி. "புழுவெதிர் பயிர்", "நஞ்சு மீறல்" இரண்டையும் நூலில் சேர்த்துவிட்டேன். மூவர் மீறலுக்கு இசைந்து தனி மடல் எழுதியிருந்தார்கள். முதல் முறை வரும் இடத்தில் இரண்டையும் விரித்து விளக்கியிருக்கிறேன்.

*

என் மறுப்பு அப்படியே இருக்கிறது. உருபே போதும்.