பூக்கா நாக்கூவாவை முதல் சுற்றில் எடுக்கலாமா? (12 அணி, முழு பிபிஆர்)

பாலாற்றங்கரை

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை ஆட்களும் நியூ ஜெர்சியில் இருக்கும் சொந்தக்காரர்கள் நாலு பேரும் சேர்ந்து ஆடும் அமெரிக்கக் கால்பந்து (என்எஃப்எல்) ஃபேன்டஸி லீக். நிஜ ஆட்டத்தில் வீரர்கள் செய்வதை வைத்து நம் அணிக்குப் புள்ளி. 12 அணி, ஸ்நேக் டிராஃப்ட் (சுற்றுக்குச் சுற்று வரிசை தலைகீழாகும் வீரர் தேர்வு), ஒரு கேட்ச்சுக்கு 1 புள்ளி (அதுதான் முழு பிபிஆர்). பணம் வைப்பதில்லை. கடைசி இடத்துக்கு வருபவர் எல்லோருக்கும் ஆம்பூர் பிரியாணி வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான்.

2025 சீசன் டிராஃப்டில் எனக்கு 8-ஆவது இடம். அதில் ராம்ஸ் அணியின் ரிசீவர் (வீசும் பந்தைப் பிடிப்பவர்) பூக்கா நாக்கூவா கிடைப்பார் போலத் தெரிகிறது. ஆனால் 2024 கணக்கைப் பார்த்தால் எடுக்கக் கை வரவில்லை. மொத்தமே 206.6 புள்ளி. அதே வருடம் இன்னொரு ரிசீவர் ஜமார் சேஸ் 403. டச் டவுன் கேட்ச் வெறும் 3. ராம்ஸின் இன்னொரு ரிசீவர் கூப்பர் கப் போனது நல்லதுதான், ஆனால் அந்த இடத்துக்கு டவான்டே ஆடம்ஸ் வந்துவிட்டார். பந்து வீசும் குவார்ட்டர்பேக் ஸ்டாஃபோர்டுக்கு முதுகில் பிரச்சினை என்று வேறு சொல்கிறார்கள். நாக்கூவாவா, டெட்ராய்ட் ரிசீவர் அமான்-ரா செயின்ட் பிரவுனா? இந்திய நேரத்தில் லைன்அப்பை (அந்த வாரம் யாரை ஆட வைப்பது என்பதை) எப்படிப் பார்த்துக்கொள்வது என்றும் யாராவது சொல்லுங்கள்.

கோட்டை_அகழி

மொத்தப் புள்ளியை வைத்து ரிசீவரை எடை போட்டால் இப்படித்தான் பயம் வரும். அந்த 206.6 எப்படி வந்தது என்று பிரித்துப் பாருங்கள். 79 கேட்ச்சுக்கு 79. 990 யார்டுக்கு 99. 3 டச் டவுனுக்கு 18. பந்தை வாங்கி ஓடிய 46 யார்டுக்கு 4.6, அதில் ஒரு டச் டவுனுக்கு 6. இத்தனையும் 11 ஆட்டத்தில். ஆட்டத்துக்கு 18.8.

அந்த 11-லும் இரண்டு அரைகுறை. முதல் வாரம் டெட்ராய்ட்டுக்கு எதிராக முழங்காலில் அடிபட்டுப் பாதியில் வெளியேறினார். 9-ஆவது வாரம் சியாட்டிலுடன் ஆடும்போது கை நீட்டியதற்காக முதல் பாதியிலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த இரண்டையும் கழித்தால் சராசரி 20-ஐத் தாண்டிவிடும். முழுசாக ஆடிய வாரங்களில் முதல் ஐந்து ரிசீவர்களுக்குள் வைக்க வேண்டிய ஆள் இவர்.

அடுத்து டார்கெட், அதாவது அவரை நோக்கி வீசப்பட்ட பந்து. ஃபேன்டஸியில் ரிசீவரின் மூலதனம் அதுதான். 2023-இல் 17 ஆட்டத்தில் 160, அதாவது ஆட்டத்துக்கு 9.4. 2024-இல் 11 ஆட்டத்தில் 106, ஆட்டத்துக்கு 9.6. முழங்கால் அடிக்குப் பிறகும், கப் பக்கத்தில் இருந்தபோதும், அந்த எண் இறங்கவில்லை. யார்டு வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும், டச் டவுன் அதைவிட மோசமாக ஆடும். டார்கெட் மட்டும்தான் சட்டென்று மாறாது.

டச் டவுன் ஏன் 3 என்றால், கோல் கோட்டுக்குப் பக்கத்தில் போனதும் கோச் மெக்வே பந்தை ரன்னிங்பேக் (பந்தோடு ஓடுபவர்) கைரன் வில்லியம்ஸ் கையில் கொடுத்துவிடுகிறார். 2024-இல் கைரன் ஓடியே 14 அடித்தார். 2025-இல் ஆடம்ஸும் அங்கே நிற்பார். 2020-இல் 18, 2022-இல் 14 என்று இரண்டு முறை டச் டவுன் கேட்ச்சில் லீக்கிலேயே முதலிடம் பிடித்தவர். கோல் கோட்டில் தன்னைக் காக்கும் கார்னர்பேக்கை ஒரே எட்டில் ஏமாற்றி விலகுவது அவர் தொழில். எனவே நாக்கூவாவிடம் 10 டச் டவுன் எதிர்பார்த்து எடுக்காதீர்கள். 6 வந்தால் போதும், கேட்ச்சிலேயே உங்கள் முதலீடு திரும்பிவிடும்.

8-ஆவது இடம், முழு பிபிஆர்: எடுங்கள்.

குடியாத்தம்_எக்ஸ்பிரஸ்

அண்ணன் சொல்வதில் பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். சராசரி மட்டும் கோப்பை வாங்கித் தராது. அவர் ஆடாத வாரத்தில் அந்த இடத்தில் யாரை வைத்தீர்கள் என்பதையும் கூட்ட வேண்டும்.

2024-இல் 2-ஆவது வாரம் முதல் 7-ஆவது வாரம் வரை அவர் இல்லை. நடுவில் 6-ஆவது வாரம் பை (அணிக்கு ஆட்டமில்லாத வாரம்), அதை விடுங்கள். ஃபேன்டஸி லீக்குகள் பெரும்பாலும் 17-ஆவது வாரத்தோடு முடிவதால், கணக்கில் வருவது ஐந்து ஆட்டம். அந்த ஐந்திலும் உங்கள் பென்ச் ரிசீவர் ஆட்டத்துக்கு 9 புள்ளி எடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 206.6-உடன் 45 சேர்த்து 16 ஆட்டத்தால் வகுத்தால் 15.7. உங்கள் அணிக்கு அந்த இடத்திலிருந்து உண்மையில் கிடைத்தது அவ்வளவுதான்.

செயின்ட் பிரவுன் அதே வருடம் 17 ஆட்டமும் ஆடினார். 115 கேட்ச், 1,263 யார்டு, 12 டச் டவுன். கேட்ச் கணக்கு மட்டுமே 313.3, ஆட்டத்துக்கு 18.4. நாக்கூவாவைவிட அரைப் புள்ளிகூடக் குறைவில்லை, ஒரு வாரமும் தலைவலி இல்லை. 12 அணி லீக்கில் 5-ஆவது வாரத்துக்கு மேல் வேவரில் (யாரும் எடுக்காத வீரர் பட்டியலில்) உருப்படியான ரிசீவர் கிடைப்பது குதிரைக் கொம்பு. அங்கேதான் இந்த வித்தியாசம் பெரிதாகும்.

கோட்டை_அகழி

கணக்கு சரி தம்பி. ஆனால் "அடிக்கடி காயம்படுபவர்" என்ற முத்திரை குத்துவதற்கு முன்னால் 2023-ஐயும் பார்க்க வேண்டும். ஐந்தாம் சுற்றில் 177-ஆவதாக எடுக்கப்பட்ட புதுமுகம், 17 ஆட்டமும் ஆடி 105 கேட்ச், 1,486 யார்டு. யார்டு கணக்கில் அதுவரை எந்தப் புதுமுகமும் அதைத் தொட்டதில்லை. 2024-இல் வந்தது ஒரே முழங்கால்தான். ஆகஸ்ட் பயிற்சியிலேயே அடிபட்டது, முதல் ஆட்டத்தில் மறுபடி பட்டுக்கொண்டது.

ஆபத்து இருப்பது அவர் ஆடும் விதத்தில். ராம்ஸ் அணி ரிசீவர்களை ஓரக்கோட்டில் நிறுத்தாமல் உள்ளே நெருக்கி நிறுத்தும். அதனால் ரன் ஆட்டத்தில் எதிரணி லைன்பேக்கரை மோதித் தடுக்கும் வேலையும் இவர் தலையில் விழும். அதே அமைப்புதான் நடுவில் தடையில்லாமல் பந்து வாங்கி ஓட வழி செய்கிறது. புள்ளியும் அடியும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

செயின்ட் பிரவுனை எடுத்தால் தப்பே இல்லை. உச்சம் யாரிடம் அதிகம் என்று கேட்டால் நாக்கூவா. 2024-இல் பஃபலோவுக்கு எதிராக 12 கேட்ச், 162 யார்டு, பாஸில் ஒன்று, ஓடி ஒன்று என இரண்டு டச் டவுன். அப்படி ஒரு வாரம் தனியாளாக ஆட்டத்தை ஜெயித்துத் தரும்.

பாலாற்றங்கரை

இருவருக்கும் நன்றி. ஒரு சிக்கல். எங்கள் லீக் கமிஷனர் அரை பிபிஆருக்கு (கேட்ச்சுக்கு அரைப் புள்ளி) மாற்றலாம் என்று வாட்ஸ்அப்பில் கொளுத்திப் போட்டிருக்கிறார். மாற்றினால் முடிவும் மாறுமா?

ஆற்காடு_மக்கன்பேடா

மாறும். 2024-இல் ரிசீவர் மைக் எவன்ஸைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், புரிந்துவிடும். 14 ஆட்டம், 74 கேட்ச், 1,004 யார்டு, 11 டச் டவுன்.

முழு பிபிஆரில் ஆட்டத்துக்கு நாக்கூவா 18.8, எவன்ஸ் 17.2. அரை பிபிஆரில் 15.2, 14.5. கேட்ச்சுக்குப் புள்ளியே இல்லாத பழைய முறையில் நாக்கூவா 11.6, எவன்ஸ் 11.9. ஆட்கள் அதே, ஆட்டம் அதே, விதி மாறியதும் வரிசை தலைகீழ். கேட்ச்சால் வாழ்பவர் நாக்கூவா, டச் டவுனால் வாழ்பவர் எவன்ஸ்.

அரை பிபிஆர் ஆனால் 8-ஆவது இடத்தில் நான் செயின்ட் பிரவுன் பக்கம் சாய்வேன், அல்லது நல்ல ரன்னிங்பேக் தப்பி வந்தால் அவர். எதுவானாலும் டிராஃப்டுக்கு முன்னால் கமிஷனரிடம் எழுத்தில் முடிவு வாங்கிவிடுங்கள். டிராஃப்ட் முடிந்தபின் விதியை மாற்றினால் சண்டைதான் மிஞ்சும்.

இன்னொன்று. ஸ்நேக்கில் 8-க்குப் பிறகு உங்களுக்கு 17, 32, 41. நாக்கூவாவை எடுத்தால் 17-இல் ரன்னிங்பேக். 32-லோ 41-லோ ஆடம்ஸ் மிச்சமிருந்தாலும் கை நீட்டாதீர்கள். இருவருக்கும் 8-ஆவது வாரம் ஒன்றாகப் பை. அதோடு இரண்டு பேருக்கும் பந்து வீசுவது ஒரே முதுகு.

குடியாத்தம்_எக்ஸ்பிரஸ்

அந்த முதுகுதான் விஷயமே. 2025 சீசனில் ஸ்டாஃபோர்டுக்கு வயது 37, அவருக்கு மாற்றாகப் பின்னால் நிற்பவர் ஜிம்மி கராப்போலோ. குவார்ட்டர்பேக் மாறினால் ரிசீவருக்கு என்ன ஆகும் என்பதற்கு டாலஸ் ரிசீவர் சீடீ லாம்ப் கண்கண்ட சாட்சி. 2023-இல் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட் முழு சீசனும் வீச, 181 டார்கெட், 135 கேட்ச், 1,749 யார்டு, 12 டச் டவுன். 2024-இல் 9-ஆவது வாரத்தோடு பிரெஸ்காட் அவுட். லாம்ப் 15 ஆட்டத்தில் 152 டார்கெட், 101 கேட்ச், 1,194 யார்டு, 6 டச் டவுன்.

ஆட்டத்துக்கு டார்கெட் 10.6-இலிருந்து 10.1, பெரிய இறக்கம் இல்லை. ஆனால் ஒரு டார்கெட்டுக்குக் கிடைத்த யார்டு 9.7-இலிருந்து 7.9-க்கு விழுந்தது, டச் டவுன் பாதியானது. பந்து வருகிறது, சரியான இடத்துக்கு வருவதில்லை. எனவே டிராஃப்ட் அன்று காலை ஸ்டாஃபோர்ட் முழுப் பயிற்சிக்கு வந்தாரா என்று மட்டும் பாருங்கள். வந்திருந்தால் நாக்கூவாவை எடுப்பதில் எனக்கும் ஆட்சேபணை இல்லை.

காட்பாடி_ஜங்ஷன்

நேரக் கணக்குக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

ஆடாதவர் பட்டியல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்னால் வரும். ஞாயிறு முதல் ஆட்டங்கள் நமக்கு இரவு 10.30, பட்டியல் 9 மணிக்கு. அது சுலபம். ராம்ஸ் மேற்குக் கரை அணி என்பதால் சொந்த மைதானத்தில் ஆடும்போது பெரும்பாலும் இரவு 1.35 அல்லது 1.55. பட்டியல் வருவதே நள்ளிரவு தாண்டி. 2025 நவம்பர் 2-ஆம் தேதி அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றியதும் எல்லாமே ஒரு மணி நேரம் தள்ளிப் போகும்.

அதனால் நாக்கூவா சந்தேகம் என்றால், பதிலுக்கு வைக்கும் ஆளும் 1.30-க்கு மேல் ஆடுபவராக இருக்க வேண்டும். 10.30 ஆட்டக்காரரைப் பென்ச்சில் உட்கார வைத்துவிட்டுக் காத்திருந்தால், பட்டியல் வரும்போது அவர் ஆட்டம் பாதி ஓடியிருக்கும், உள்ளே போட முடியாமல் பூட்டிக் கிடப்பார். ஃப்ளெக்ஸ் இடத்திலும் (ரிசீவர், ரன்னிங்பேக் என்று யாரையும் போடக்கூடிய இடம்) எப்போதும் கடைசியாக ஆடுபவரையே போடுங்கள். வியாழக்கிழமை ஆட்டக்காரரை அங்கே போட்டால் வாரம் முழுக்கக் கை கட்டப்பட்டுவிடும்.

2025 ராம்ஸ் அட்டவணையில் குறித்துக்கொள்ள வேண்டியவை: 5-ஆவது வாரம் 49-அர்ஸுடன் வியாழன் ஆட்டம், நமக்கு அக்டோபர் 3 வெள்ளி காலை 5.45. 7-ஆவது வாரம் லண்டன் வெம்ப்ளியில் ஜாக்சன்வில்லுடன், அக்டோபர் 19 ஞாயிறு மாலை 7 மணி. தீபாவளிக்கு முந்தின நாள். பலகாரம், பட்டாசு என்று வீடே அமர்க்களமாக இருக்கும், 5.30-க்குப் பட்டியலைப் பார்த்துவிட்டு எழுந்து போங்கள். 16-ஆவது வாரம் சியாட்டிலில் மறுபடி வியாழன், நமக்கு டிசம்பர் 19 வெள்ளி காலை 6.45. அது உங்கள் அரையிறுதியாக இருக்கும், முந்தின இரவே லைன்அப் போட்டுவிடுங்கள்.

பாலாற்றங்கரை

பயிற்சி அறிக்கையில் புதன்கிழமை "கலந்துகொள்ளவில்லை" என்று வந்தாலே பதற வேண்டுமா?

காட்பாடி_ஜங்ஷன்

புதன் ஓய்வு சகஜம், மூத்தவர்களுக்கு அது வாடிக்கை. வியாழன் பாதிப் பயிற்சி, வெள்ளி முழுப் பயிற்சி என்று ஏறினால் ஆடுவார். வியாழன் பாதி செய்துவிட்டு வெள்ளி வராமல் போனால் மாற்று ஆளை உள்ளே கொண்டு வாருங்கள். காயப் பட்டியலில் போட்டால் குறைந்தது நாலு ஆட்டம் வெளியே. எனவே செயலியில் அதற்கென்று தனி இடம் ஒன்று வைக்கக் கமிஷனரிடம் இப்போதே கேட்டு வையுங்கள், இல்லாவிட்டால் பென்ச்சில் ஒரு நாற்காலி சும்மா போகும்.