தம்பிக்கு கெரட்டோகோனஸ், ஸ்க்ளீரல் லென்ஸ் போடுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மார்த்தாண்டம்_பால்வெட்டு எழுதியது:

வணக்கம். என் தம்பிக்கு 19 வயது, இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். இரண்டு வருடத்தில் நாலு கண்ணாடி மாற்றியாயிற்று, ஒவ்வொரு தடவையும் சிலிண்டர் பவர் ஏறிக்கொண்டே போகிறது, புதுக் கண்ணாடி போட்டாலும் ராத்திரி பைக்கில் வரும்போது எதிர் வண்டியின் ஒரு லைட் மூன்றாகச் சிதறித் தெரிகிறதாம். போன வாரம் திருவனந்தபுரத்தில் காட்டினோம். கலர் கலராக ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு கெரட்டோகோனஸ் என்றார்கள், கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளுகிறதாம். வலது கண் மோசம், இடது கண்ணில் ஆரம்பம். முதலில் சி3ஆர் என்று ஒரு கண் சிகிச்சை, அப்புறம் ஸ்க்ளீரல் லென்ஸ் என்று ஒரு கான்டாக்ட் லென்ஸ் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. லேசிக் பண்ணினால் ஒரேயடியாக முடிந்தது என்கிறார் மாமா. லென்ஸ் போட்டாலே தெரியுமென்றால் எதற்குக் கண்ணில் கை வைக்க வேண்டும் என்கிறார் அம்மா. உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது. அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், மழை பெய்தால் அதுவும் கிடையாது, இரண்டு செலவையும் ஒன்றாகத் தூக்க முடியாது.

கூடவே இன்னொன்று. அக்கா மகளுக்கு 9 வயது, மைனஸ் 3. ராத்திரி போட்டுத் தூங்கினால் பகலில் கண்ணாடியே வேண்டாம் என்று ஒரு லென்ஸ் இருக்கிறதாமே, அதுவும் இதுவும் ஒன்றா?

ஆரல்வாய்_காற்று எழுதியது:

மக்கா, முதலில் மாமாவைக் கொஞ்சம் உட்கார வை. லேசிக் என்பது கருவிழியைச் செதுக்கி எடுக்கிற வேலை. தம்பிக்கு மெலிந்துகொண்டிருப்பதே அந்தக் கருவிழிதான், அதில் இன்னும் செதுக்கினால் என்ன மிஞ்சும்?

நான் எட்டு வருடமாக ஸ்க்ளீரல் போடுகிறேன். அதற்கு முன்னால் ஆர்ஜிபி, கருவிழி மேலேயே உட்காரும் சின்னக் கெட்டி லென்ஸ். பார்வை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எங்கள் ஊர்க் காற்று உனக்குத் தெரியும். முப்பந்தல் பக்கம் காற்றாலை எல்லாம் சுற்றுகிற மாதங்களில் ஒரு மணல் தூசி அதற்கு அடியில் போய்விட்டால் போதும், வண்டியை ஓரம்கட்டிவிட்டு அழுதுகொண்டு நிற்க வேண்டியதுதான். ஒரு தடவை லென்ஸே தெறித்துப் போய்விட்டது, புல்லுக்குள் தேடி எடுக்க முடியவில்லை. ஸ்க்ளீரல் பெரிது, கருவிழியைத் தொடாமல் வெள்ளை விழியில் உட்காரும், இடையில் சலைன் தண்ணீர் நிற்கும். தூசி உள்ளே போவது அபூர்வம்.

போடப் பழகுவதுதான் பாடு. முகம் பார்க்கும் கண்ணாடியை மேஜையில் படுக்க வைத்து, முகம் தரையைப் பார்க்கிற மாதிரி குனிய வேண்டும். லென்ஸை சின்ன ரப்பர் உறிஞ்சியில் வைத்து, ததும்புகிற மாதிரி சலைன் ஊற்றி, இரண்டு இமையையும் விரலால் விரித்துப் பிடித்து, நேராக மேலே கொண்டுவர வேண்டும். ஈரம் பட்டதும் இமை மூடப் பார்க்கும், விடக்கூடாது. ஒரு காற்றுக் குமிழி சிக்கினாலும் கழற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து. முதல் நாள் எனக்கு நாற்பது நிமிடம் ஆனது, சட்டை முழுக்க நனைந்துவிட்டது, மனைவி சிரித்துவிட்டாள். இப்போது ஒரு நிமிடம். கழற்றும்போது உறிஞ்சியை நடுவில் ஒட்டி இழுக்காதே, விளிம்புப் பக்கம் ஒட்டி மெதுவாக நெம்ப வேண்டும். மதியத்துக்கு மேல் சில நாள் உள்ளே மூட்டம் போடும், கழற்றி வேறு சலைன் ஊற்றிப் போட்டால் தெளிந்துவிடும். சலைன் மட்டும் பிரிசர்வேடிவ் இல்லாததாகப் பார்த்து வாங்கு.

பேடிக்கண்டாம், பழகிவிடும்.

தக்கலை_ஆப்டோமெட்ரி எழுதியது:

மேலே அண்ணன் சொன்னது எல்லாம் சரி. அம்மாவின் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் தினமும் இதே கேள்விதான் வருகிறது.

லென்ஸ் பார்வையைத் தரும், நோயை நிறுத்தாது. தம்பியின் கருவிழி மேடுபள்ளமாகிவிட்டது, அதனால்தான் எந்தக் கண்ணாடியிலும் தெளிவு வரவில்லை. ஸ்க்ளீரல் போட்டால் அந்த மேடுபள்ளத்தை உள்ளே இருக்கும் சலைன் நிரப்பிவிடும், லென்ஸின் வழவழப்பான மேற்பரப்பு வழியாக வெளிச்சம் ஒழுங்காக உள்ளே போகும். ஆனால் அதற்கு அடியில் கூம்பு வளர்ந்துகொண்டேதான் இருக்கும். அதை நிறுத்துவதற்குத்தான் சி3ஆர். ரிபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2 சொட்டுமருந்தைக் கருவிழியில் ஊறவிட்டு புற ஊதா வெளிச்சம் காட்டுவார்கள், உள்ளே இருக்கும் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். ஜெர்மனியில் ட்ரெஸ்டன் நகரத்து மருத்துவர்கள் 2003-இல் இதன் முடிவுகளை வெளியிட்டார்கள், அமெரிக்காவில் 2016-இல் அனுமதி கிடைத்தது. வழக்கமான முறைக்கு கருவிழி 400 மைக்ரானாவது தடிமன் இருக்க வேண்டும், சராசரி மனிதனுக்கு 540 பக்கம் இருக்கும். தள்ளிப்போட்டால் அந்த 400-க்கும் கீழே போய்விடக்கூடும், அதனால் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் சி3ஆர் முதலில். லென்ஸ் ஆறு மாதம் பொறுக்கும். சி3ஆர் செய்து இரண்டு மூன்று நாள் நல்ல எரிச்சல் இருக்கும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

தம்பி கண்ணைக் கசக்குவாரா? கண்டிப்பாகக் கசக்குவார், இந்த நோய்க்காரர்கள் பலரும் முஷ்டியை வைத்து உருட்டுவார்கள். அலர்ஜி இருந்தால் அதற்கு மருந்து போட்டு, அந்தக் கையை நிறுத்துங்கள். திடீரென்று ஒரு கண்ணில் வலியோடு பார்வை வெளுத்துப்போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். உங்கள் கண்ணையும் ஒருமுறை ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள், குடும்பத்தில் வரக்கூடியது.

வேடிக்கையான விஷயம், உலகத்தின் முதல் கான்டாக்ட் லென்ஸே ஸ்க்ளீரல்தான். 1888-இல் அடால்ஃப் ஃபிக் என்பவர் கண்ணாடியில் செய்தார். காற்று ஊடுருவாததால் சில மணி நேரத்துக்கு மேல் போட முடியவில்லை. இன்றைக்கு இருக்கும் பொருளில் ஆக்சிஜன் கடக்கும், அதனால்தான் நாள் முழுக்கப் போட முடிகிறது.

குளச்சல்_அம்மா எழுதியது:

அக்கா மகள் விஷயத்துக்கு நான் வருகிறேன். அது ஆர்த்தோ-கே, வேறு சாதனம். கருவிழியின் நடுவை ராத்திரியில் லேசாகத் தட்டையாக்கிவிடும், பகலில் கண்ணாடி தேவைப்படாது, நிறுத்தினால் கொஞ்ச நாளில் பழையபடி ஆகிவிடும். கிட்டப்பார்வை ஏறும் வேகத்தையும் குறைக்கிறது என்பதால்தான் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். நாங்களும் யோசித்தோம். ஆனால் லென்ஸோடு தூங்குவதில் கருவிழியில் கிருமித் தொற்று வரும் வாய்ப்பு உண்டு, என் மகள் கை கழுவுகிற லட்சணம் எனக்குத் தெரியும். அதனால் டாக்டரிடம் கேட்டு, ராத்திரி ஒரு சொட்டு குறைந்த அளவு அட்ரோபினும், சாயங்காலம் வெயிலில் விளையாட்டும் என்று இருக்கிறோம். பகலில் போட்டுக் கழற்றி எறிகிற மென்மையான லென்ஸும் இருக்கிறது. உங்கள் பாப்பா பொறுப்பானவள் என்றால் கேட்டுப் பாருங்கள். அதற்கு முன்னால் உங்கள் தம்பிக்கு, அதாவது பாப்பாவின் மாமனுக்கு, வந்த கெரட்டோகோனஸைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், பாப்பாவுக்கும் அது இருந்தால் ஆர்த்தோ-கே கூடாது.

தக்கலை_ஆப்டோமெட்ரி எழுதியது:

நல்லவேளை சொன்னீர்கள். இன்னொன்று, எந்த லென்ஸானாலும் கிணற்றுத் தண்ணீரிலோ குழாய்த் தண்ணீரிலோ கழுவக் கூடாது. அதில் இருக்கக்கூடிய அகாந்தமீபா என்ற கிருமி கருவிழியை அரித்துவிடும். லென்ஸைப் போட்டுக்கொண்டு திற்பரப்பு அருவியில் குளிப்பதும் வேண்டாம்.

மார்த்தாண்டம்_பால்வெட்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாமாவிடம் அந்த 400 கணக்கைச் சொன்னேன், அப்புறம் ஒன்றும் பேசவில்லை. தம்பியின் ஸ்கேன் பேப்பரை எடுத்துப் பார்த்தால் வலது கண் 438 என்று இருக்கிறது. திங்கட்கிழமை சி3ஆருக்குத் தேதி வாங்கப் போகிறோம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்னால் உட்கார்ந்து கண்ணைக் கசக்குகிறான், கையில் ஒரு அடி போட்டேன்.